பொருந்தா ஊர்தியும் வலியறிதலும்

ஒரு வினையைத் தொடங்குமுன் அதற்குரிய கருவியையும் இடத்தையும் ஆராய்ந்து கொள்ளுதல் அறிவுடையார் கடன் என்பதனை மறுப்பார் எவருமிலர். பெருஞ் சக்கரங்களையுடைய தேர் கடலில் ஓடாது. கடலைக் கடக்கும் கலம் நிலத்தில் ஓடாது என்று வள்ளுவனார் இடனறிதல் என்னும் அதிகாரத்துள் காட்டிய கருத்து நம்மனோர் யாவரும் சிறு பருவத்தே கற்றதொன்றாம். அங்ஙனமாயின், நகரத்து வீதிகளில் அலுவலகம் செல்வதற்கென்றே படைக்கப்பட்ட ஒரு சிற்றுருளை வண்டியைப் பாலைவனத்து மணலில் பந்தயத்துக்கு விடுவாரை யாது கூறுவது? அறிவிலார் என்று கூறி அமைவதா? அன்றி, அவர் செயலில் நாம் கற்கத்தக்கது ஏதேனும் உளதா?

இவ்வினா எமக்கு வெறும் பொழுதுபோக்கு வினாவன்று. இக்கல்லூரியில் அடியெடுத்து வைத்த நாள் முதலாக, "இவ்விடம் உனக்குப் பொருந்துமா?" என்னும் சொல்லை உற்றார் வாயிலும் அயலார் வாயிலும் பலகாற் கேட்டு வந்துள்ளோம். சிறப்புத் தமிழ் வகுப்பிற் சேர்ந்தபோதும் அச்சொல்லே எம்மை வரவேற்றது. மாணவ நண்பருட் பலரும் இதனைத் தத்தம் நிலையிற் கேட்டிருப்பர். ஆதலின், 'பொருந்தாது' என்னும் அச்சொல்லுக்குப் பொருள் யாது, அதன் எல்லை யாது என்று ஓர் உண்மை நிகழ்ச்சியின் துணைகொண்டு ஆராயப் புகுந்தோம். அந்நிகழ்ச்சி 1980-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஸஹாராப் பாலைவனத்தில் நடந்தது. நான்கு வெஸ்பா ஸ்கூட்டர்கள் பாரிஸ்–டக்கார்ப் பந்தயத்திற் புகுந்தன என்பதே அது.

இதனை அளத்தற்குரிய அளவுகோலையும் வள்ளுவனாரே தந்துள்ளார். இடனறிதலுக்கு முன்னே வலியறிதல் என்னும் அதிகாரத்தை வைத்து, செய்யப் புகும் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, இருவர்க்கும் துணையாவாருடைய வலி என்னும் நான்கனையும் சீர்தூக்குமாறு பணித்தார். யாமும் அம்முறையே செல்வாம்.

1. வினையின் வலி

தியெரி ஸபீன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1977-ஆம் ஆண்டில் அபிஜான் நகரிலிருந்து நீஸ் நகருக்கு நடந்த பந்தயத்தில் மோட்டார் சைக்கிளிற் சென்றபோது பாலைவனத்தில் வழி தவறினார். உயிர் பிழைத்து மீண்ட பின்னும் அப்பாலை அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. தாம் கண்டதனைப் பிறரும் காணவேண்டுமென்று விழைந்து, பாரிஸிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள டக்கார் நகர் வரை செல்லும் நெடும் பந்தயம் ஒன்றனை வகுத்தார். முதற் பந்தயம் 1978 டிசம்பர் 26-இல் தொடங்கிற்று. தொலைவு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். புறப்பட்ட ஊர்திகள் 182. டக்கார் சேர்ந்தவை 74. அம்முதற் பந்தயத்திலேயே மோட்டார் சைக்கிள் வீரர் ஒருவர் உயிர் நீத்தார். இவ்வெண்களை நோக்குவார்க்கு வினையின் வலி ஒருவாறு புலப்படும்.

பாலைவனம் என்றவுடன் மணற்குன்றுகளையே நாம் நினைக்கின்றோம். உண்மையில் ஸஹாராவில் மணற்குன்று ஒரு பகுதியே. கூழாங்கல் பரந்த கட்டாந்தரைகள் உள. கூரிய பாறைகள் உள. 'ஃபெஷ்-ஃபெஷ்' என அந்நாட்டார் கூறும் மாவு போன்ற நுண்துகள் நிரம்பிய பள்ளங்களும் உள. இவற்றுட் கொடியது அந்நுண்துகளே. மேலே உறுதியான தரை போலத் தோன்றும். உருளை பட்டவுடன் உள்ளே அமிழ்ந்துவிடும். இனி, லாரிகள் பல ஆண்டு ஓடிய தடங்களில் தரையானது தகரக் கூரை போல வரி வரியாக மேடுபள்ளம் பட்டிருக்கும். அத்தகைய தடத்தில் மெல்லச் செல்வார்க்கு எலும்பு நோகும். வண்டியின் ஆணிகள் கழலும். விரைந்து செல்லின் உருளை மேட்டுக்கு மேடு தாவிச் செல்லுதலால் அதிர்ச்சி குறையும். ஆனால் அங்ஙனம் விரைதற்கு வலிய பொறியும் பெரிய உருளையும் வேண்டும்.

2. தன் வலி

இனி ஸ்கூட்டரின் வரலாற்றைக் காண்பாம். இத்தாலி நாட்டுப் பொந்தெதேராவில் இருந்த பியாஜ்ஜியோ தொழிற்சாலை ஆகாய விமானங்களைச் செய்துவந்தது. இரண்டாம் உலகப் போரில் அது குண்டுகளால் அழிவுற்றது. போர் முடிந்தபின் விமானம் வாங்குவார் இலர். மக்களுக்கோ மலிவான ஊர்தி வேண்டியிருந்தது. அவ்வூர்தியை வகுக்கும் பணி கொர்ராதீனோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியியலாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் 1930-ஆம் ஆண்டிலேயே ஹெலிகாப்டர் செய்து பறக்கவிட்டுப் புகழ் பெற்றவர். மோட்டார் சைக்கிளையோ அவர் சிறிதும் விரும்பாதவர். அதில் ஏறுதல் தொல்லை. உடையில் எண்ணெய் படும். உருளையிற் காற்றுப் போய்விடின் கழற்றிப் பூட்டுதல் பெருந்துன்பம் என்பன அவர் கண்ட குறைகள். அக்குறைகள் ஒவ்வொன்றையும் நீக்கி 1946-ஆம் ஆண்டில் அவர் ஆக்கிய வண்டியே வெஸ்பா. அச்சொல்லுக்கு இத்தாலிய மொழியிற் குளவி என்பது பொருள்.

ஆகவே, மோட்டார் சைக்கிளை வெறுத்த ஒருவர், நகரத்து மக்கள் நல்லுடை உடுத்துச் செல்லுதற்கென அமைத்த வண்டி இஃது. இதனைப் பாலைக்கு அனுப்புதல் பொருத்தமற்றது என்பதில் ஐயமில்லை. எத்துணைப் பொருத்தமற்றது என்பதே கேள்வி. பௌதிகம் பயிலும் நண்பரொருவர் எமக்காகக் கணக்கிட்டுத் தந்ததனை ஈண்டுத் தருகின்றோம்.

1980-இல் ஓடிய வெஸ்பா 200 வகையின் உருளை 10 அங்குல வட்டையுடையது. டயரையும் சேர்த்து அளந்தால் ஆரம் ஏறத்தாழ 21½ சென்டிமீட்டர். பாலைக்குரிய மோட்டார் சைக்கிளின் முன்னுருளை வட்டை 21 அங்குலம். டயரோடு ஆரம் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். வழியில் 8 சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லொன்று கிடப்பதாகக் கொள்வோம். கல்லில் முட்டி நிற்கும் உருளையை நேர் முன்னாகத் தள்ளி அதன்மேல் ஏற்றுதற்கு, உருளை தாங்கும் எடையில் எத்தனை பங்கு விசை வேண்டும்? பெரிய உருளைக்கு ஆறில் ஐந்து பங்கு போதும். சிறிய உருளைக்கோ எடையைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு வேண்டும். ஒரே கல், ஒரே சுமை, ஆயினும் சிற்றுருளை செய்யவேண்டிய முயற்சி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

இக்கணக்கில் இன்னுமொரு நுட்பம் உளது. கல்லின் உயரம் வளர வளர வேண்டும் விசையும் வளரும். உயரம் உருளையின் ஆரத்துக்கு நிகராகும் கணத்தில், எத்துணை விசையால் முன்தள்ளினும் அவ்வுருளை ஏறாது. 22 சென்டிமீட்டர்க் கல்லின் முன்னே சிற்றுருளை நின்றுவிடும். அதுவரை 'அரிது' என்றிருந்தது அவ்விடத்தில் 'இயலாது' என்று ஆகிவிடுகின்றது. வள்ளுவனார் கூறிய தேரும் கடலும் இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டவை, அது இயலாமை. எல்லைக்கு இப்பால் இருப்பது அருமை. உலகத்தார் இவ்விரண்டனையும் பிரித்தறியாது 'பொருந்தாது' என்னும் ஒரே சொல்லால் வழங்குதலே குழப்பத்துக்கெல்லாம் காரணமாம்.

குறை இவ்வளவோடு அமையவில்லை. வெஸ்பாவின் பொறி பின்னுருளையின் வலப்பக்கத்தே அமைந்திருத்தலின் எடை ஒருபுறம் சாயும். 198 கன சென்டிமீட்டர்ப் பொறியின் திறன் ஏறத்தாழ 12 குதிரைத்திறனே. பெட்ரோல் தொட்டி 8 லிட்டர் கொள்ளும். நல்ல சாலையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லலாம். மணலில் அத்துணையும் செல்லாது.

எனினும் குறையை மட்டும் கூறி நிறையை மறைத்தல் நடுநிலையன்று. மோட்டார் சைக்கிளில் பொறியின் ஆற்றலைப் பின்னுருளைக்குக் கொண்டு செல்வது சங்கிலி; மணல் புகுந்தால் சங்கிலியும் பற்சக்கரமும் விரைவில் தேயும். வெஸ்பாவிற் சங்கிலியே இல்லை. பொறி உருளையோடு நேரே இணைந்து, பற்சக்கரங்கள் மூடிய பெட்டிக்குள் எண்ணெயிற் சுழலும். பொறியைக் குளிர்விக்க விசிறி உண்டு. ஆதலால் ஊர்ந்து செல்லும்போதும் காற்றுக் கிடைக்கும். முன்னுருளை, விமானத்தின் இறங்கு சக்கரத்தைப் போல, ஒருபுறத்தண்டில் மட்டும் பொருந்தியிருக்கும். சில மறைகளைக் கழற்றினால் உருளை கையோடு வந்துவிடும். முன்னுருளையும் பின்னுருளையும் ஓரளவின. மாற்றுருளை ஒன்று வண்டியிலேயே இருக்கும். இருக்கை தாழ்ந்திருத்தலின் இரு காலும் தரையில் ஊன்றலாம். ஏறத்தாழ 110 கிலோ எடையே உடைமையால், பள்ளத்தில் வீழ்ந்தால் இருவர் தூக்கி நிறுத்தலாம்.

நகரத்தார் உடையில் எண்ணெய் படலாகாது என்று சங்கிலியை நீக்கினார் தஸ்கானியோ. அந்நீக்கமே பாலையில் மணலுக்குக் காப்பாயிற்று. அலுவலகம் செல்வார் வழியிற் காற்றுப் போய் வருந்தலாகாது என்று உருளையை எளிதாக்கினார். அவ்வெளிமையே கல்வழியில் உதவிற்று. ஒன்றன் பொருட்டுப் பெற்ற பண்பு மற்றொன்றில் உதவுமென்பது முன்னரே கணக்கிட்டு அறியத்தக்கதன்று. அவ்விடத்தே சென்று பார்த்தார்க்கே அது விளங்கும்.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1951-ஆம் ஆண்டு இத்தாலியில் வரேஸே என்னுமிடத்தில் உலக ஆறு நாட் சோதனை நடந்தது. 1913-இல் இங்கிலாந்திலே தொடங்கிய இச்சோதனை, காடும் மலையும் சேறும் நிறைந்த வழிகளில் மோட்டார் சைக்கிளின் உறுதியைச் சோதிப்பது. அவ்வாண்டில் பியாஜ்ஜியோ அணி வெஸ்பாக்களோடு புகுந்து 9 தங்கப் பதக்கங்களைப் பெற்றது. அச்சோதனையில் தங்கப் பதக்கம் முதல்வர் ஒருவர்க்கு மட்டும் தரப்படுவதன்று; குறித்த காலந் தவறாது வழி முழுதும் கடந்தார் ஒவ்வொருவர்க்கும் உரியது. பிறரை வெல்லுதல் வேறு, தனக்கிட்ட அளவை நிறைத்தல் வேறு என்பதனை அப்பதக்கமுறை இனிது உணர்த்துகின்றது.

3. மாற்றான் வலி

1979, 1980 ஆகிய இரு பந்தயங்களிலும் மோட்டார் சைக்கிள் பிரிவில் முதல்வராக வந்தவர் ஸிரில் நெவ்யூ என்னும் பிரெஞ்சு இளைஞர். அவர் ஏறியது யமஹா எக்ஸ்.டி. 500. அதன் பொறி 499 கன சென்டிமீட்டர். திறன் ஏறத்தாழ 30 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 140 கிலோ. எடை வெஸ்பாவினும் நான்கில் ஒரு பங்கே மிகுதி. திறனோ இரண்டரை மடங்கு. உருளை பெரிது, அதிர்ச்சி தாங்கும் விற்கள் நெடியன. இதனோடு ஓடி வெல்லலாம் என்று வெஸ்பாவில் ஏறினார் எவரும் எண்ணியிருத்தல் இயலாது.

ஆகவே அவர்க்கு மாற்றான் யாவன்? நெவ்யூ அல்லர். அன்றன்றைய வழியை அன்றன்று முடிக்குமாறு விதித்த காலவரையறையே அவர்தம் உண்மையான மாற்றான். விரைந்த வண்டியினர் நண்பகலிற் சேர்ந்து உணவுண்டு, வண்டியைச் செப்பஞ்செய்து, உறங்கி எழுவர். மெல்லிய வண்டியினர் இருட்டிய பின்னரும் மணலில் உழல்வர். பின் வந்து சேரின் உறக்கத்தைக் குறைத்தே வண்டியைச் செப்பஞ்செய்தல் வேண்டும். மறுநாள் உறக்கங்குறைந்த கண்களோடு மீண்டும் புறப்படல் வேண்டும். பொருந்தாமைக்குரிய விலை விரைவில் மட்டும் கொடுக்கப்படுவதன்று, உறக்கத்திற் கொடுக்கப்படுகின்றது, அதனினும் மேலாகப் பிழை செய்யாதிருக்கும் ஆற்றலிற் கொடுக்கப்படுகின்றது. இதனை எண்ணாதார் இத்தகைய முயற்சியை நகையாட்டு என்பர்.

4. துணையின் வலி

இந்நான்கு வண்டிகளின் அணியைத் திரட்டியவர் ழான் பிரான்ஸுவா பியோ என்னும் பிரெஞ்சு மோட்டார்ப் பந்தய வீரர். அவ்வணிக்குத் துணை புரிந்தவர் ஹென்றி பெஸ்கரோலோ. லெ மான் நகரின் 24 மணிப் பந்தயத்தில் 1972, 1973, 1974 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து வென்று உலகப் புகழ் பெற்றிருந்தவர் அவர். பின்னர் 1984-இல் நான்காம் முறையும் வென்றார். அத்தகைய ஒருவர், 12 குதிரைத்திறன் வண்டிகளுக்குத் துணை புரிந்தார் என்பது நினைக்கத்தக்கது.

8 லிட்டர்த் தொட்டியையுடைய வண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் பாலையைத் தானே தனித்துக் கடத்தல் அரிது. பெட்ரோலும், எண்ணெயும், மாற்று உறுப்புக்களும், நீரும், கை தேர்ந்த தொழிலாளரும் உடன் வருதல் வேண்டும். வெஸ்பா டக்காரைக் கண்டது என்று கதை கூறுவாருட் பலர் துணைவரை மறந்துவிடுகின்றனர். தனி ஒருவன் சிறு வண்டியேறிப் பெரும்பாலையை வென்றான் என்று கூறுதல் கேட்பதற்கு இனிது, ஆனால் உண்மையன்று. வள்ளுவனார் துணையின் வலியையும் ஒரு வலியாகவே எண்ணினார். அதனைக் கூறுதல் வீரத்துக்கு இழுக்காகாது.

முடிவு யாது? புறப்பட்ட நான்கனுள் இரண்டு டக்காரை அடைந்தன. மார்க் ஸிமோனோ, பெர்னார் செர்னியாவ்ஸ்கி என்பார் ஏறியவை அவை. மற்றை இரண்டும் அடையவில்லை. இம்முடிவினை முழுமையாகவே கூறுதல் வேண்டும். இரண்டு சேர்ந்தன என்று மட்டும் கூறுவார், முயன்றால் எல்லாம் கைகூடும் என்று எளியாரை ஏமாற்றுவர். இரண்டு சேரவில்லை என்று மட்டும் கூறுவார், முயற்சியையே முளையிற் கிள்ளுவர்.

5. பொருந்தாதது பொருந்துதல்

இனி, பொருந்தாமை என்றும் மாறாத இயல்போ என்று வினவுவார்க்கு மற்றொரு செய்தி கூறுவாம். பி.எம்.டபிள்யூ. என்னும் ஜெர்மானிய நிறுவனத்தார் 1980-ஆம் ஆண்டில் ஆர் 80 ஜி/எஸ் என்னும் வண்டியை வெளியிட்டனர். அதன் இரு சிலிந்தர்களும் இரு கைகளை நீட்டியது போலப் பக்கங்களிற் புடைத்து நிற்கும். பொறி 798 கன சென்டிமீட்டர். கல்லும் பாறையும் உள்ள வழியில் இத்துணைப் பெரிய வண்டி உதவாது. சிலிந்தர்கள் பாறையில் மோதி உடையும் என்று கருதினார் பலர். 1981-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் யூபேர் ஓரியோல் அவ்வகை வண்டியேறி முதல்வராக வந்தார். 1983-இல் மீண்டும் வென்றார். 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் பெல்ஜியத்துக் காஸ்தோன் ரஹியே வென்றார். ரஹியே குறுகிய உருவினர்; அப்பெரிய வண்டியில் அமர்ந்தால் இரு காலும் ஒருங்கே தரையைத் தொடா. ஆகவே வண்டியும் வழிக்குப் பொருந்தாது, ஏறியவரும் வண்டிக்குப் பொருந்தார் என்று கூறத்தக்க நிலையில், இரண்டாண்டு தொடர்ந்து வெற்றி கிட்டிற்று.

அவ்வண்டியிலும் சங்கிலி இல்லை. சுழல்தண்டே உருளையை இயக்கும். புடைத்த சிலிந்தர்கள் தாழ அமைந்தமையால் எடையும் தாழ நின்று வண்டி நிலைத்து ஓடிற்று. அதன்பின் நெடும்பயணம் செல்வார்க்கெனப் பல நிறுவனத்தார் அப்பெருவண்டி வகையைப் பின்பற்றலாயினர். அன்று பொருந்தாதது என்று இகழப்பட்டதே பின்னர் ஒரு புதிய இனத்துக்கு முதலாயிற்று. வெஸ்பா அங்ஙனம் ஓரினத்தைத் தோற்றுவிக்கவில்லை. இவ்வேற்றுமையும் கருதற்பாலது. பொருந்தாதன எல்லாம் நாளடைவிற் பொருந்தும் என்பது விதியன்று. சில பொருந்தும், சில என்றும் அரியனவாகவே நிற்கும்.

வெற்றி கருதாது வேடிக்கை கருதியே பொருந்தா வண்டிகளை ஓட்டுவாரும் உளர். இங்கிலாந்தில் 'மால் மைல்' என்னும் பெயரால் நடத்தப்பட்ட விழாவில், பொருந்தாத மோட்டார் சைக்கிள்களே வேண்டுமென்று அழைத்து, புல்வெளியிலும் மேட்டிலும் ஓடவிட்டு மகிழ்ந்தனர். வீழ்ந்தாரைக் கண்டு நகைத்தலும், வீழ்ந்தார் தாமும் உடன் நகைத்தலும் மனிதர்க்கு நன்றே. யாம் ஈண்டு ஆராய்வது அவ்விளையாட்டையன்று.

6. ஒரு தடையும் அதற்கு விடையும்

"பொருளையும் உயிரையும் வீணாக்கும் இப்பந்தயத்தில் கற்கத்தக்கது யாதுளது?" என்று தடை கூறுவார் உளர். அத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இப்பந்தயத்தில் ஓட்டினார் பலர் இறந்தனர். வழியோரச் சிற்றூர்களிற் பார்த்து நின்றாரும் சிறுவரும் இறந்ததுண்டு. பந்தயத்தை வகுத்த ஸபீன் தாமும் 1986 ஜனவரி 14-இல் மாலி நாட்டில் ஹெலிகாப்டர் வீழ்ந்து மாண்டார். செல்வ நாட்டார் வறிய நாட்டு மண்ணைத் தம் விளையாட்டுக் களமாக்கினர் என்னும் குற்றச்சாட்டும் நெடுங்காலமாக உண்டு. 2008-ஆம் ஆண்டுப் பந்தயம் பாதுகாப்பின்மையால் நிறுத்தப்பட்டது. 2009 முதல் 2019 வரை தென் அமெரிக்காவிலும், 2020-இலிருந்து ஸௌதி அரேபியாவிலும் அது நடக்கலாயிற்று. ஆகவே யாம் பந்தயத்தைப் புகழ வந்தோமல்லேம். அதில் நடந்த ஒரு முயற்சியை ஆராய்தல் வேறு. அதனை முழுதும் உடன்படுதல் வேறு. தன் உயிரைத் தான் துணிந்து இடருக்குள்ளாக்குவானுக்கும், அத்துணிவில் யாதொரு பங்குமின்றி வழியோரம் நின்ற சிறுவனுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்தார் வலியறிந்தார் ஆகார்.

7. எம் ஊர்த் தேரி

இத்துணையும் நூலறிவு. எமது கண்டறிவு சிறிது கூறி முடிப்போம். எம் ஊர் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணற் தேரியின் ஓரத்தில் உள்ளது. தேரியைக் கண்டார் அறிவர். நடப்பார்க்கே கணுக்கால் புதையும் மணல் அது. எம் தந்தையார் தேரிக்கு அப்பாலுள்ள ஒரு பள்ளியில் ஆசிரியர். அவரிடம் கியர் வைத்த பழைய ஸ்கூட்டர் ஒன்று உண்டு. சுற்றுச் சாலை நெடிது; ஆதலின் தேரித் தடத்தின் வழியே நாள்தோறும் செல்வார். "மணலுக்கு ஸ்கூட்டர் ஆகாது, வாத்தியாரே" என்று பனையேறுவோர் அவரிடம் கூறுதலை யாம் சிறு வயதிற் கேட்டிருக்கின்றோம். அவரும் "ஆகாதுதான்" என்று விடை கூறிப் போய்விடுவார்.

எமக்குப் பதினாறு வயதான ஞான்று, அவர் இல்லாத வேளையில் அவ்வண்டியை எடுத்துத் தேரியிற் செலுத்தினோம். தந்தையார் நாள்தோறும் செல்கின்றாரே என்னும் எண்ணந்தான். நூறடி செல்வதற்குள் முன்னுருளை மணலிற் புதைந்து திரும்பிற்று. வண்டி ஒருபுறமும் யாம் ஒருபுறமுமாக வீழ்ந்தோம். மணல் மெத்தெனக் கிடந்தமையால் உடலுக்கு ஊறில்லை, கைப்பிடியொன்று வளைந்தது.

மறுநாள் தந்தையார் சினவாது எம்மைப் பின்னே அமர்த்திக்கொண்டு அதே தடத்திற் சென்றார். தேரியின் வாயிலில் வண்டியை நிறுத்தி, இரு டயர்களிலும் காற்றைச் சிறிது போக்கினார். "டயர் தளர்ந்தால் அகலும், அகன்றால் மணலில் அமிழாது" என்றார். பின்னர், தடத்தில் மூன்று இடங்களில் இறங்கினார். இறங்கிப் பொறியை மெல்ல ஓடவிட்டு, உடன் நடந்தே தள்ளிச் சென்றார். நாலாவது இடத்தில் யாம் இறங்கப் புகுந்தோம். "இங்கே வேண்டா, இங்கே அடியில் ஓடைக்கல் உண்டு" என்றார். தேரி கடந்தபின் கைப்பம்பினாற் காற்றடைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றார். அங்ஙனம் பதினோராண்டு சென்றார்.

யாம் வீழ்ந்ததும் அவர் கடந்ததும் ஒரே வண்டி, ஒரே மணல். வேற்றுமை யாதெனின், அவ்வண்டி எவ்விடத்தே உதவாது என்பதனை அவர் அடியடியாக அறிந்திருந்தார். அவ்விடத்தே நாணாது இறங்கினார். யாமோ உதவும் என்னும் நம்பிக்கையொன்றையே கொண்டு ஏறினோம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியக் கிடப்பன மூன்று. முதலாவது: இயலாமை வேறு, அருமை வேறு, பிறர் 'பொருந்தாது' என்று கூறுங்கால் அவ்விரண்டனுள் எதனைக் கூறுகின்றார் என்று அளந்தறிதல் வேண்டும். இரண்டாவது: அருமைக்கு விலை உண்டு, அது நேரத்திலும் உறக்கத்திலும் இறங்கித் தள்ளும் உழைப்பிலும் கொடுக்கப்படும், விலையறியாது புகுதல் துணிவன்று, மடமை. மூன்றாவது: அவ்விலையைத் தனியொருவர் முழுதும் கொடுத்தல் அரிது, துணை வேண்டும்.

எம்மைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விக்கு எம் தந்தையாரைப் போலவே விடை கூறக் கற்றுக்கொண்டோம். தொல்காப்பியத்தில் யாம் இறங்கித் தள்ளிய இடங்கள் பல. ஆங்கிலத் தாளில் இன்னும் தள்ளிக்கொண்டே செல்கின்றோம். நூல் வாங்கப் பொருளற்ற காலத்தில் தம் நூல்களை எம் கையிற் கொடுத்த ஆசிரியரும், விடுதியில் விளக்கணைத்த பின்னர் வராந்தாவில் உடன் அமர்ந்து பாடங் கேட்ட நண்பரும் இல்லையாயின், புறப்பட்டும் சேராது நின்ற இரு வண்டிகளுள் ஒன்றாகவே யாமும் ஆகியிருப்போம். இவ்வகுப்பிற் புகுந்தும் இடையே நின்றுவிட்ட தோழர் இருவரை இதனை எழுதும்போது நினைக்கின்றோம். அவர்தம் உருளை எம் உருளையினும் சிறிதன்று. அவர்க்குப் பின்னே துணையூர்தி வரவில்லை, அவ்வளவே.

ஆதலின் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவரை நோக்கி ஒரு சொல் கூற விரும்புகின்றோம். நுங்கள் பந்தயத்தை நீவிர் முடித்துவிட்டீர். பெரிய உருளையுடைய வண்டிகள் இப்போது நும்மிடம் உள. ஆண்டுதோறும் சிற்றுருளை வண்டிகள் சில இக்கல்லூரி வாயிலில் வந்து நிற்கின்றன. அவற்றை நோக்கி 'ஆகாது' என்று கூறுதல் எளிது. அது பெரும்பாலும் உண்மையுமாம். பெஸ்கரோலோவும் அதனை அறிந்திருப்பார். அறிந்தும், துணை புரிந்தார்.